பானைமேல் போட்ட பழி

ஹெனிசாரோ பேட்டை,
டிசம்பர் 15

அன்புள்ள ஞானமகன் நோர்வினுக்கு,

மாதா உன் உடம்பையும் வேலையையும் காக்கட்டும். நான் நலமாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. நான் படுத்த படுக்கையாகிவிட்டேன் என்று உனக்குச் செய்தி வந்திருக்கும். அதை முதலில் திருத்தியாக வேண்டும்.

அமலோற்பவ மாதா திருநாளுக்கு முந்தின மாலை என் வீட்டில் ஊற்றிய சோளச் சீச்சாவைக் குடித்துத்தான் பேட்டையில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது என்கிறார்கள். சோளத்தைக் காய்ச்சியது நான் என்பதால் குற்றமும் என்னுடையது என்கிறார்கள். அவமானம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறேன் என்பது அதற்கு மேல் வைத்த அலங்காரம். கதவைச் சாத்தியிருப்பது மட்டும் உண்மை. திறந்தால் தெருப்பிள்ளைகள் தலையை நீட்டி, அழைப்பில் மட்டும் மரியாதை குறையாமல், "தோன்யா, இன்னிக்கு எத்தன தடவ?" என்று கேட்டுவிட்டு ஓடுகிறார்கள். எனக்கு ஒரு தடவைகூட இல்லை. அன்று நானும் எல்லோரையும் போல ஒரு தம்ளர் குடித்தேன். பாட்டு தொடங்குமுன், ஐஸ் போடாமல் குடித்தேன். இந்தக் கடிதமே அந்த ஐஸைப் பற்றியதுதான்.

நீ கட்டட வேலைக்கு எல்லை தாண்டிப் போன பிறகு இங்கே வந்த வடிகட்டிப் பானைகளை நீ பார்த்ததில்லை. களிமண்ணில் மரத்தூளைக் கலந்து வனைந்து சுடுகிறார்கள். தூள் எரிந்துபோன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுகின்றன. மேலே வெள்ளி மருந்து பூசுகிறார்கள். குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளியின் வாயில் அந்தப் பானையை உட்கார்த்திக் கிணற்று நீரை ஊற்றினால், அடியில் சொட்டுச் சொட்டாக நல்ல நீர் சேரும். சூறாவளிக்குப் பிறகு வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். அதை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பைப் பங்குச்சாமியார் என்னிடம் ஒப்படைத்தார். கன்னியர் மடத்தில் படித்தவள், யார் வீட்டு மூடியையும் திறந்து பார்க்கக் கூசாதவள் என்று சொல்லித்தான் ஒப்படைத்தார்.

நான் கூசவில்லை. ஒரு வீட்டில் வாளியில் பீன்ஸ் ஊறிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் பானையைத் தனியே எடுத்து அதில் துளசி நட்டிருந்தார்கள். "அழகா இருந்துச்சு தோன்யா, மனசு கேக்கல" என்றாள் அந்தப் பெண். வேறொருத்தி சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் நுரை மணக்கிறது என்று என்னிடமே முறையிட்டாள். முனையில் இருக்கும் தையற்காரி ரெபேக்கா எல்லோரையும் கூப்பிட்டு, "எங்க ஃபில்டர் தோன்யாவோடது மாதிரி மூக்க ஒழுக்காது, கொட்டும் பாரு" என்று பெருமையடித்தாள். போய்ப் பார்த்தேன். பானையின் அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல். விரிசல் என்று சொன்னதற்கு, எனக்குப் பொறாமை என்றாள். இவர்களோடுதான் நான் மாரடிக்கிறேன். நான் தெருவில் இறங்கினால் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை, "தோன்யா சொட்டு வர்றா, மூடியக் கழுவு" என்று செய்தி ஓடுவது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

ஆகவே, என் வீட்டுச் சீச்சா கெட்டது என்றதும் இவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்பதை நீயே ஊகித்துக்கொள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நவநாள் தொடங்கிய அன்றே என் பானையின் நீரைச் சேர்க்க ஆரம்பித்தேன். வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்த ஜாடிகளில் அதை நிரப்பி, துணி கட்டி மூடி வைத்தேன். சோளத்தை நன்றாகக் காய்ச்சி ஆறவைத்து அந்த நீரிலேயே கரைத்தேன். நான் குடிக்காத நீரை மாதாவின் பெயரால் இன்னொருவருக்குக் கொடுக்கிறவள் அல்ல நான்.

அன்று மாலை உன் அம்மா ஐஸ் பைகளை ஒரு தொட்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினாள். தன் கடையில் ஐஸ் விற்பதற்காக நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய அந்தக் குளிர்பெட்டியில் தன் கையால் செய்தது, மாதாவுக்குக் காணிக்கை என்றாள். நான் எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "தண்ணி எங்க இருக்கு கொமாத்ரே, இது ஐஸ்ஸு" என்றாள், நான் உன் ஞானத்தாய் என்ற உறவுமுறையை மட்டும் விடாமல். கிணற்று நீர்தானே என்றேன். அதற்கு உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கொதிக்க வெச்சா சாகுற பூச்சி உறைய வெச்சா மட்டும் சாகாதா? உங்க கன்னியாஸ்திரீங்க இதெல்லாம் சொல்லித் தரலியா?"

அந்த வாரம் பருவம் தப்பிப் பெய்த மழையில் உங்கள் வீட்டுக் கழிப்பறைக் குழி நிரம்பி, கிணற்றுப் பக்கமாக வழிந்தது. அதை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் மாதாவுக்கு என்று கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்புவது நம்மிடம் கிடையாது. ஜாடிகளை வெளியே இருந்து குளிர்விக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தொட்டியை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, வீட்டில் மாதாவுக்கு வைத்த பீடத்தின் முன்னால் போய் நின்றேன். பாட்டை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் சரணத்திலேயே எனக்குப் பின்னால் தம்ளர்களில் ஐஸ் மோதும் சத்தம் கேட்டது. உன் அம்மா, வியர்த்து வந்த ஜனங்கள் பாவம் என்று அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டின் நடுவில் மாதாவுக்கு முதுகைக் காட்ட முடியுமா? இன்னும் நிறையச் சரணங்கள் இருந்தன. பாடினேன். திரும்பிப் பார்த்தபோது ஜாடிகள் காலி.

மறுநாள் மாலையிலிருந்து ஒவ்வொருவராக விழுந்தார்கள். விழுந்தவர்கள் எல்லோரும் ஐஸ் போட்டுக் குடித்தவர்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பேருந்து ஓட்டுநர் தோன் ஃபெர்மின் பல் கூச்சத்தால் ஐஸ் வேண்டாம் என்றார். எல்லோரும் விழுந்து கிடந்த விடியலில் அவர் வழக்கம்போல எல்லை வரை ஓட்டிப் போனார். நானும் விழவில்லை. இதைவிடத் தெளிவாக ஒன்று இருக்க முடியுமா? சொன்னேன். யாரும் கேட்கவில்லை. "தெனமும் அந்த ஐஸத்தானே வாங்குறோம்" என்கிறார்கள். தினமும்தான் இவர்களுடைய பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லை. ஒரு நாள் பல் முளைப்பதால், ஒரு நாள் கண்ணேறால்.

இதற்கிடையில் உன் அம்மா கடைக்கு வருகிறவர்களிடம், "அந்தப் பானையில வெள்ளி பூசிருக்காங்கல்ல, அது விஷம். கொமாத்ரே ஒம்பது நாளு அந்தத் தண்ணியச் சேத்து வெச்சா, விஷமும் சேந்து போச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அது மருந்துக் கடையில் ஒரு விதமாகவும் கோவில் வாசலில் ஒரு விதமாகவும் வளர்ந்து, இப்போது வீடு வீடாகப் பானைகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரெபேக்கா மட்டும் வைக்கவில்லை. அவளுடையது வேகமாகக் கொட்டுவதால் விஷம் தங்காதாம்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். விஷம் என்று ஊருக்குச் சொன்னவள் தன் சமையலறையில் அதை வைத்திருக்க முடியாதல்லவா? உன் வீட்டுப் பானையும் கொல்லைக்குப் போய்விட்டது. உன் மகள் அனியெல்காவுக்கு இப்போதுதான் கஞ்சி கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதைக் கிணற்று நீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். உன் மனைவி யமிலெத்திடம் கேட்டேன். "அத்தை சொன்னா நான் என்ன செய்ய முடியும் தோன்யா? இது அவங்க வீடு" என்றாள். மலைப்பக்கத்திலிருந்து வந்த பெண்; உன் அம்மாவை எதிர்த்துக் குரல் எழுப்ப அவளுக்கு வராது. இந்தப் பேட்டையில் ஒரு வயது தாண்டாமல் எத்தனை பிள்ளைகள் போயின என்பது உனக்குத் தெரியாது, நீ சிறுவன். எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குத் தொலைபேசியில் பேசும்போது, பானையை உள்ளே கொண்டுவந்து வைக்கும்படி உன் அம்மாவிடம் சொல். நீ சொன்னால் கேட்பாள். என் சீச்சாவில் குற்றமில்லை என்பதையும் அவள் கடை வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். என் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும்.

அந்தக் குளிர்பெட்டியை நீ எந்த ஆசையோடு வாங்கிக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். குற்றம் பெட்டியில் இல்லை.

உன் ஞானத்தாய்,
எலோயிசா அரோலிகா,
சோமாரிபாவின் விதவை


ஹெனிசாரோ பேட்டை,
ஜனவரி 9

அன்புள்ள நோர்வினுக்கு,

புத்தாண்டில் ஆண்டவர் உனக்கு நல்ல முதலாளியையும் காயமில்லாத கைகளையும் தரட்டும். குழந்தை நலம். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி நீ பதறாமல் படி. உன் அம்மா தொலைபேசியில் "லேசா காய்ச்சல்" என்று சொன்னதாக யமிலெத் சொன்னாள். லேசானது அல்ல.

முதலில் உன்மேல் எனக்குள்ள வருத்தத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் நாலு பக்கம் எழுதினேன். நீ தொலைபேசியில் பேசினாய். அந்தத் தொலைபேசி எங்கே இருக்கிறது? உன் அம்மாவின் கடையில், சோப்புக் கட்டிகளுக்கும் ரொட்டிக் கூடைக்கும் நடுவில். எடுப்பது யார்? உன் அம்மா. நீ என்ன சொன்னாய் என்பது உனக்கும் ஆண்டவருக்கும் தெரியும். கடையிலிருந்து வெளியே வந்தது இதுதான்: "எம் புள்ள சொல்லிட்டான், வயசானவங்க சொல்றதுக்கெல்லாம் மனசக் கெடுத்துக்காதம்மான்னு." நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. பானை கொல்லையிலேயே இருந்தது. வாளியில் ஒரு கோழி முட்டையிட இடம் பிடித்திருந்தது.

மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று காலை, நான் தலைவாரிக்கொண்டிருந்தபோது கதவு இடிபட்டது. அன்று ஒருவரையொருவர் ஏமாற்றிச் சிரிக்கிற நாள் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். விடிந்ததிலிருந்து இரண்டு முறை என் வீடு தீப்பற்றிக்கொண்டதாகப் பிள்ளைகள் கத்திவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே உன் அம்மாவின் குரல், "கொமாத்ரே, கொழந்த போகுது" என்றது. இந்த வயதில் இவளுக்கும் விளையாட்டா என்று எரிச்சலோடு திறந்தேன். செருப்பில்லாமல் நின்றாள். நான் அவளைத் தெருவில் செருப்பில்லாமல் பார்த்ததேயில்லை.

முந்தின நாளிலிருந்தே குழந்தைக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்ததாம். பல் என்று இருந்துவிட்டார்கள். பங்குச்சாமியார் ஊரில் இல்லை. நீ வந்த பிறகு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று காத்திருந்ததால் குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கும் சடங்கு ஆகவில்லை. அவசரத் தண்ணீர் ஊற்றத்தான் என்னைக் கூப்பிட வந்தாள். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், ஆனால் சொல்லும் வார்த்தை பிசகக் கூடாது. அது எனக்குத்தான் சரியாக வரும் என்று எல்லோருக்கும் தெரியும். உனக்கும் அப்படித்தான் நான் ஞானத்தாய் ஆனேன். உன் அம்மாவும் நானும் கொமாத்ரே ஆனது கோவில் தொட்டியருகில் அல்ல. அதே வீட்டில், அதே கட்டிலருகில். நீ பிழைத்துக்கொண்டாய்.

குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. யமிலெத் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உன் அம்மா எனாமல் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். பார்த்தேன். பீப்பாயிலிருந்து மொண்ட கிணற்று நீர்.

இதை ஊற்ற மாட்டேன் என்றேன்.

"கொமாத்ரே, இந்த நேரத்துலயா ஃபில்டர் பிரசங்கம்?" என்று உன் அம்மா கத்தினாள்.

இந்த நேரத்தில்தான் என்றேன். நெற்றியில் ஊற்றியது வாய்க்கு வழிய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். நான் திரும்பி வரும்வரை இவளை யாரும் சாகவிட வேண்டாம் என்றும் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் அப்போது எனக்கு அவ்வளவு கோபம். வீட்டுக்குப் போய் என் பானைத் தண்ணீரை ஒரு ஜக்கு நிறையக் கொண்டுவந்தேன். மூன்று முறை ஊற்றினேன்; வார்த்தை ஒன்றும் பிசகவில்லை. மிச்சத்தில் சர்க்கரையும் உப்பும் கலந்து யமிலெத்தின் கையில் கரண்டியைக் கொடுத்து, வாயில் விட்டுக்கொண்டே இரு, கக்கினாலும் விடு என்றேன். அந்தப் பெண் அப்போதுதான் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

தோன் ஃபெர்மின் பேருந்தில் ஏறியிருந்த எல்லோரையும் சாலையில் இறக்கிவிட்டு எங்களை நகரத்து மருத்துவமனைக்கு ஓட்டிப் போனார். இறங்கியவர்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இந்தப் பேட்டையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒன்று என்பதால் எழுதுகிறேன். குழந்தைக்குக் கையில் ஊசி குத்தி மருந்து நீர் ஏற்றினார்கள். என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று செவிலி கேட்டாள். யமிலெத் உன் அம்மாவைப் பார்த்தாள். உன் அம்மா தன் கால்களைப் பார்த்தாள். யாரோ தன் ரப்பர் செருப்பைக் கொடுத்திருந்தார்கள். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலிருக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது என்னை அறிந்த உனக்குத் தெரியும்.

நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இப்போது பால் குடிக்கிறாள், என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குகிறாள்.

இனிப் பானை உள்ளே வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் கோழி அப்படியே உட்கார்ந்திருந்தது. குழந்தைக்குக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன் என்றாள் உன் அம்மா. இரண்டு நாள் கொதிக்கவைத்தாள். மூன்றாம் நாள் விறகு ஈரம். என் பானை நீரை நான் தினமும் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். கடையில் ஆள் இருந்தார்கள், "வேணாம் கொமாத்ரே, ஊரு பாக்குது" என்று கதவிலேயே நிறுத்திவிட்டாள். கடை காலியான பிறகு நான் விடவில்லை. சாகக் கிடந்து பிழைத்த பிள்ளைக்கு மறுபடியும் அதே தண்ணீரா என்று கேட்டேன். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்:

"எப்டி எடுத்து உள்ள வெப்பேன்? விஷம்னு ஊருக்கே சொன்னது நான்தானே. நாளைக்கு ஒருத்தி உப்பு வாங்க வந்து எட்டிப் பாப்பா. பானையில தப்பு இல்லன்னா அப்போ எதுல தப்புன்னு கேப்பா. கேட்டா ஐஸ்ல வந்து நிப்பா. ஐஸு போச்சுன்னா கட போச்சு. எம் புள்ள அந்த ஊர்ல செங்கல் சொமந்து வாங்கித் தந்த பொட்டி கொமாத்ரே அது."

அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த எரிச்சலை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குத் தன் பேத்தியையே காவல் வைத்திருக்கிறாள். அது பொய் என்றுகூட அவளுக்கு முழுதாகத் தெரியாது. கடை போனால் அந்த வீடு உன் சம்பளத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

ஒரு வழிதான் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் அதற்கு வேறு வழி தேடினேன்.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று பூசை முடிந்ததும், பெண்கள் எல்லோரும் முக்காட்டைக்கூட எடுக்காமல் நிற்கும்போது, நான் எழுந்து பேசினேன். சீச்சாவுக்குச் சோளத்தை ஊறவைத்தது நான், ஒரு நாள் கூடுதலாகப் புளிக்கவிட்டேன், அதனால்தான் எல்லோருக்கும் வயிறு கெட்டது, பானையில் குற்றமில்லை, ஆகவே இன்றே எல்லோரும் பானையைக் கழுவி உள்ளே வைக்க வேண்டும், சோப்புப் போடக் கூடாது என்றேன்.

 உடனே ரெபேக்கா பக்கத்திலிருந்தவளிடம், "நான் அன்னிக்கே சொல்லல? வாயில வெச்சதும் புளிச்சுதுன்னு" என்றாள். அன்று அவள் மூன்று தம்ளர் வாங்கிக் குடித்து, இப்படி ஒரு சீச்சாவைத் தன் அம்மாகூடக் காய்ச்சியதில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள். எனக்குப் பின்னால் இன்னொருத்தி, "அப்போ இனிமே நம்ம மூடிய யாரு வந்து தெறந்து பாப்பாங்க?" என்று கேட்டாள், சிரித்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மதியமே உன் அம்மா கோழியைத் துரத்திவிட்டாள். யமிலெத் பானையைத் தூரிகையால் தேய்த்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டி, சமையலறையில் வைத்துவிட்டாள். இப்போது அனியெல்கா குடிப்பது அந்த நீர்தான். தினமும் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. ரெபேக்காவின் விரிசல் பானைக்கு மாற்றுப் பானை கேட்டுப் பங்குச்சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியிருக்கிறேன்.

மாலையில் உன் அம்மா வாழை இலையில் சுற்றிய தயிர்க்கட்டியோடு வந்தாள். உட்கார்ந்தாள். என் கையைத் தட்டிக்கொடுத்து, "விடுங்க கொமாத்ரே, வயசானா யாருக்கும் கை தவறத்தான் செய்யும். நான் மனசுல வெச்சுக்கல" என்றாள்.

என்னை மன்னித்துவிட்டாள், நோர்வின். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. நான் தயிர்க்கட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். நல்ல தயிர்க்கட்டி.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அதை நீதான் செய்ய வேண்டும். ஐஸ் இன்னும் கிணற்று நீரில்தான் உறைகிறது. நான் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். நீ அடுத்த முறை பேசும்போது, நீ இருக்கும் ஊரில் ஐஸை எல்லாம் கொதித்து ஆறிய நீரில்தான் செய்கிறார்கள், அது வெள்ளையாகக் கலங்காமல் கண்ணாடி போல இருக்கிறது, ஜனங்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள் என்று சொல். பூச்சி, கிருமி என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். கண்ணாடி போல என்று மட்டும் சொல். உன் அம்மாவை எனக்குத் தெரியும்; ரெபேக்காவின் அண்ணி விற்கும் ஐஸைவிடத் தன்னுடையது பளபளப்பாக இருக்க வேண்டும் என்று விறகை எங்கிருந்தாவது கொண்டுவந்துவிடுவாள்.

குழந்தைக்குக் கோவிலில் எண்ணெய் பூசும் சடங்கு இன்னும் மிச்சமிருக்கிறது. பெயர் கொடுத்து ஆகிவிட்டதால் அவசரமில்லை. உனக்கு விடுப்புக் கிடைக்கும்போது வைத்துக்கொள்ளலாம் என்று யமிலெத்திடம் சொல்லியிருக்கிறேன்.  அவள் கதவுப் பக்கம் பார்த்தாள்.

இனி என் காரியம். அந்தச் சீச்சா நன்றாக இருந்தது என்று தெரிந்தவர்கள் இந்தப் பேட்டையில் அதிகமில்லை. தோன் ஃபெர்மின் தன் வயிறு இரும்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறார். உன் அம்மா இப்போது நான் சொன்னதையே நம்பத் தொடங்கிவிட்டாள். மாதாவுக்குத் தெரியும், அவள் கடிதம் எழுத மாட்டாள். என்னைப் புதைக்கும்போதுகூட, நல்ல பெண்மணி, ஒரு முறை ஊருக்கே வயிற்றைக் கெடுத்தாள் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஆனால் நீ தெரிந்துகொண்டாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசியில் வேண்டாம், அது கடையில் இருக்கிறது. இரண்டு வரி போதும். காகிதத்தில், உன் கையால் எழுதி, தோன் ஃபெர்மினிடம் கொடுத்தனுப்பு. அவர் அடுத்த வெள்ளிக்கிழமை எல்லையில் உன் ஊர்ப் பேருந்துக்காக நிற்பார்.

ஆண்டவர் உன்னையும், நான் தண்ணீர் ஊற்றிய உன் மகளையும் காப்பாராக.

பதில் எழுது.

உன் ஞானத்தாய்,
எலோயிசா அரோலிகா,
சோமாரிபாவின் விதவை